கையில் மேஸ்

மார்கழிக் குளிரில் மட்டக்களப்பு பஸ்ஸில், என் முன் சீட்டில் ஒரு தகப்பனும், கைகளில் காலுறை மாட்டிய சின்ன மகளும் இருந்தார்கள். பிள்ளைக்குப் பக்கத்தில் முக்காடு போட்ட ஒரு பெண்.

"தம்பி, புள்ளைக்கு ஏன் கையில மேஸ் போட்டிரிக்கீங்க?"

"தோல்ல கரப்பான், அக்கா. குளிர் வந்தாக் கூடிரும். மேஸையும் கழட்டிப்போட்டு ரெத்தம் வரச் சொறிவா. கிறீம் பூசி, ராவெல்லாம் கையைப் புடிச்சிட்டே இரிப்பன்."

"அப்ப நீங்க எப்ப நித்திரை கொள்ளுற?"

தகப்பன் சிரித்தார். களுதாவளை தாண்டியதும் உட்கார்ந்தபடியே தூங்கிப்போனார். பிள்ளை அரிப்புத் தாங்காமல் முழங்கையை மடக்கி மடக்கி நெளிந்தது.

"கடிக்குதா மகள்?"

"ஓம். சத்தமாக் கதைக்காதீங்க மாமி, அப்பா எழும்பிருவாரு."

அந்தப் பெண் குனிந்து, அவள் முழங்கை மடிப்பில் மெல்ல ஊதினார். காத்தான்குடியில் இறங்கும்வரை ஊதிக்கொண்டே வந்தார்.