ஹேஸ்டிங்ஸ் பக்கம் காற்று எப்படி?

சிகாமணி: கப்பலு சார்! ஆளுங்கள ஏத்திக்கினு போற கப்பலு. அதத் தூக்கிக் கரையில வச்சிட்டுதாம் காத்து. கேட்டீங்களா இல்லியா?

சவரிமுத்து: கொஞ்சம் மெதுவா பேசுங்க சிகாமணி. தயவுசெஞ்சி.

சிகாமணி: எப்பிடி சார் மெதுவா பேசறது? உரக்கடைய கூட தொறக்கல. கள்ளக்குறிச்சியிலேர்ந்து மொத பஸ்ஸ புடிச்சி சின்னசேலம் வந்து நிக்கறேன். எத்தினி வருஷமா நாம ரெண்டு பேரும் லண்டன் ரேடியோவ காதுல ஒட்டிக்கினு கெடக்கறோம்? தூறலு, மூடுபனி, மறுபடியும் தூறலு... சீமையில தூறுனா இவனுங்களுக்கு இங்க சளி புடிக்குதுன்னு ஊரே சிரிச்சிது. இப்ப வந்திருக்குது பாருங்க, அவனுங்க தாத்தனுக்குத் தாத்தன் பாக்காத புயலு!

சவரிமுத்து: கேட்டேன். நேத்து சாயங்காலமே கேட்டேன். அழுத்தம் தொள்ளாயிரத்து அறுபதுக்கும் கீழ எறங்கியிருக்குதுங்க.

சிகாமணி: கேட்டுட்டா இப்பிடி கல்லாட்டம் உக்காந்துக்கினு இருக்கீங்க? முன்னெல்லாம் ஒரு சின்ன காத்துன்னாலே தரையில சாக்பீஸால சீமைய வரைஞ்சி, அம்புக்குறியெல்லாம் போட்டு...

சவரிமுத்து: சிகாமணி. ரெஜினா கெணத்தடியிலதான் இருக்கா.

சிகாமணி: ...ஐயோ.

சவரிமுத்து: உங்கள நான் குத்தம் சொல்லலிங்க. எனக்கே, ரேடியோவுல கேட்ட அந்த ஒரு நிமிஷம் சந்தோஷந்தான் வந்திச்சி. அப்பறந்தான் எந்த ஊரு, எந்தக் கரைன்னு...

சிகாமணி: சுத்தமா மறந்துட்டேன் சார். புயல்னதும் பித்துப் புடிச்சிப் போச்சி. நான் ஒரு மடையன்.

சவரிமுத்து: அவ நெஞ்சுக்கு எந்த அதிர்ச்சியும் ஆகாதுன்னு டாக்டர் கண்டிப்பா சொல்லியிருக்காரு. பொண்ணு வேலைக்குப் போன ஹேஸ்டிங்ஸ்ல புயலுன்னு காதுல விழுந்தா பெத்தவ மொதல்ல இன்னா சொல்லுவா? "ரீத்தாவுக்கு போனப் போடுங்க, கொரலக் கேக்கணும்"பா.

சிகாமணி: போன மாசம் எடஒதுக்கீட்டு மறியலு நடந்தப்ப தங்கச்சி ரெண்டு தடவ கேட்டாங்க. மரத்த வெட்டிப் போட்டதுல லைனு அறுந்துடுச்சின்னு சொன்னோம். அப்பறம் அவங்களும் விட்டுட்டாங்க.

சவரிமுத்து: இப்ப ரோடெல்லாம் தொறந்தாச்சே. இப்ப இன்னா சொல்றது?

ரெஜினா: யாரு, சிகாமணி அண்ணனா? கொரலு கெணத்தடி வரிக்கும் கேட்டுதே. இன்னா புயலு?

சிகாமணி: புயலா? அது வந்து தங்கச்சி... நம்ம வங்கக் கடல்ல... கடலூர் பக்கமா ஒண்ணு...

ரெஜினா: நம்ம கடல்ல புயல்னா உங்க சிநேகிதரு இந்நேரம் மழைமானிய தொடச்சி வச்சிக்கினு வாசல்ல மானத்த பாத்துக்கினு நிப்பாரு. ரேடியோவ அமுத்தி வச்சிட்டு மூலையில உக்கார மாட்டாரு. சீமையிலதானே?

சவரிமுத்து: ஆமாம்மா. ஆனா வடக்கால. ஸ்காட்லாந்து பக்கம்.

ரெஜினா: காத்து எந்தத் திக்குலேர்ந்து?

சவரிமுத்து: ...தென்மேற்கு.

ரெஜினா: பாத்தீங்களா அண்ணே? இவரால ஊரு பேர மாத்தி பொய் சொல்ல முடியும். காத்த மாத்திச் சொல்ல வாய் வராது. தென்மேற்குன்னா பிரான்சுப் பக்கத்துலேர்ந்து. அங்கேர்ந்து வந்தா மொதல்ல தென்கரையிலதானே ஏறும்? நீங்க ரெண்டு பேரும் வரைஞ்சி வரைஞ்சி நாந்தானே அந்தத் தரைய கழுவறேன். எனக்குத் தெரியாதா?

சிகாமணி: புயலு இன்னா தங்கச்சி, நம்ம சேலம் பஸ்ஸா, எல்லா ஊர்லயும் நின்னு ஆள ஏத்திக்கினு போறதுக்கு? சில ஊர அப்பிடியே தாண்டிப் போயிடும்.

ரெஜினா: எங்க ஸ்டாப்புல சேலம் பஸ்ஸும் நிக்காமத்தான் போவுது. சிரிக்காதீங்க. நீங்க சொல்லுங்க அண்ணே, எப்பிடி அடிச்சிதாம்? நீங்க சொன்னா நேர்ல பாத்தாப்புல இருக்கும்.

சிகாமணி: சார்...?

சவரிமுத்து: சொல்லுங்க. இனிமே மறைச்சி இன்னா ஆவப் போவுது.

சிகாமணி: ஊரு தூங்கிக்கினு இருக்கறப்ப வந்திச்சாம். மொதல்ல கடல்லேர்ந்து ஒரு ஊளை. அப்பறம் ஓடு பறக்குது, புகைக்கூண்டு இடிஞ்சி வூட்டுக்குள்ளயே வுழுது. லண்டன் பட்டணமே இருட்டாயிடுச்சி. எல்லாத்தயும் விட மரந்தான் ஜாஸ்தியாம். அங்க இந்த மாசத்துல மரமெல்லாம் எலையோட நிக்கும். எலை இருந்தா காத்து லேசுல உடுமா? பாய்மரத்துல பாயி கட்டுன கணக்கா புடிச்சிக்கும். மண்ணு வேற மழையில ஊறிக் கெடந்துச்சி. ஒடையக் கூட இல்ல, வேரோட பேத்து சாச்சிட்டுது. நம்ம பசங்க சேலம் ரோட்டுல புளியமரத்த சாய்க்க ரம்பம், கோடாலின்னு தூக்கிக்கினு அலைஞ்சானுங்க. அங்க ஒரே ஊது.

ரெஜினா: உங்க பெரியவன் ஜெயில்லேர்ந்து வந்துட்டானா?

சிகாமணி: இளஞ்செழியனா? வந்துட்டான். மண்டையில போட்ட தையலு இன்னும் பிரிக்கல. அவங்கம்மா பக்கத்துல உக்காந்து ஊட்டி உடறா, கொழந்த கணக்கா. "நெழலு குடுத்த மரம்டா, அத எதுக்குடா வெட்டினீங்க"ன்னு கேட்டேன். "படிச்சிட்டு வேலையில்லாம வூட்ல கெடந்தனே, எனக்காவ எந்த மரம் அழுதுச்சி"ன்னு கேக்கறான்.

ரெஜினா: ஒண்ணும் சொல்லாதீங்க. புள்ள வந்துட்டான் இல்ல... அது போதும்.

சவரிமுத்து: வெத்தலை வேணுங்களா சிகாமணி?

ரெஜினா: மண்ணு ஊறிக் கெடந்துச்சின்னீங்களே அண்ணே. மேல் மண்ணு மட்டுமா, ஆழம் வரிக்குமா?

சிகாமணி: வேரே புடி விட்டுடுச்சின்னா ஆழமாத்தான் ஊறியிருக்கும்.

சவரிமுத்து: அது எதுக்கும்மா உனக்கு? நீ போயி கொஞ்சம் படு. ரீத்தாவுக்கு ஒண்ணும் ஆயிருக்காது. ஆஸ்பத்திரி குவார்ட்டர்ஸ் நல்ல கருங்கல் கட்டடம். போன் போட்டுப் பாக்கலாம்னா அங்கியும் கம்பமெல்லாம் சாஞ்சிருக்கும்...

சிகாமணி: ஆமா தங்கச்சி. லைனு வரட்டும். நம்ம கடையிலேர்ந்தே ட்ரங்க்கால் புக் பண்ணிடறேன்.

ரெஜினா: நான் போன் போடச் சொன்னனா?

சவரிமுத்து: இல்ல, நீ கேப்பியேன்னு...

ரெஜினா: ரெண்டு தடவ கேட்டவ மூணாந்தடவ ஏன் கேக்கலன்னு யாராவது யோசிச்சீங்களா?

சிகாமணி: ...தங்கச்சி?

ரெஜினா: மறியலு அப்ப சைக்கிளக் கூட உடல. நீங்க வரப்பு மேல ஏறி எறங்கி, கால்ல செருப்பில்லாம, கள்ளக்குறிச்சியிலேர்ந்து நடந்தே வந்தீங்க. என்கிட்ட "சீமையில சும்மா தூறல்தான்"ன்னீங்க. நான் குடுத்த மோர வாங்கி, குடிக்காமலே வச்சிட்டீங்க. அப்பறம் ரெண்டு பேரும் மழைமானிகிட்ட போயி நின்னுக்கினு, தலைய குனிஞ்சி உள்ள பாத்துக்கினே இருந்தீங்க. ஒரு சொட்டு மழை பேயாத நாள்ல.

சவரிமுத்து: ரெஜினா... உக்காரும்மா. நெஞ்சு...

ரெஜினா: நெஞ்சு நின்னிருந்தா அன்னைக்கே நின்னிருக்கணும். நிக்கல. நீங்க என்கிட்ட மறைச்சிக்கினு தோட்டத்துல போயி அழுதீங்க. தெரிஞ்சிப் போச்சின்னு நான் சொல்லிட்டா, எனக்காவ சோத்துல கைய வச்சிக்கினு இருந்ததையும் விட்டுடுவீங்களேன்னு நானும் வாய மூடிக்கினு கெடந்தேன். ஜெபமாலைய கூட மனசுக்குள்ளதான் சொன்னேன். யாரு மொதல்ல சொல்றதுன்னு தெரியாம ரெண்டு பேரும்...

சிகாமணி: காய்ச்சலு மூளைக்கு ஏறிடுச்சாம் தங்கச்சி. மூணே நாளு... அவ வேலை செஞ்ச ஆஸ்பத்திரி கன்னியாஸ்திரிங்கதான் பக்கத்துல இருந்தாங்களாம். என் கடைக்குத்தான் போன் வந்திச்சி. இன்னாரோட பொண்ணான்னு கேட்டாங்க. நான் அவள தூக்கி வளத்தவன். எந்த வாயால சொல்லுவேன் உங்ககிட்ட?

ரெஜினா: அழாதீங்க அண்ணே. பின்ன நானும் அழுவேன். இவரு பயந்துடுவாரு.

சவரிமுத்து: மன்னிச்சிடும்மா. இங்க கொண்டாரலாமான்னு கேட்டாங்க. ரோடு இல்ல, பஸ்ஸு இல்ல, நீ இருந்த நெலைமையில... அங்கியே அடக்கம் பண்ணிடுங்கன்னு நாந்தான் சொல்லி அனுப்பினேன்.

ரெஜினா: அது போவட்டும். கல்லறைத் திருநாளு வருது. இங்கன்னா மண்ண அணைச்சி, சுண்ணாம்பு அடிச்சி, ரெண்டு சாமந்திப்பூ வச்சிட்டாவது வருவேன். அங்க யாரு இருக்கா அவளுக்கு? புது மண்ணு. இன்னும் அமுங்கிக் கூட இருக்காது. மழையில ஊறிப் போச்சிங்கறீங்க, மரமெல்லாம் வேரோட பேந்துச்சிங்கறீங்க. எனக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. எம் பொண்ண எங்க வச்சாங்க? வெட்ட வெளியிலயா?

சிகாமணி: சார்... வேணாம் சார்.

ரெஜினா: சொல்லுங்க. இனிமே என்கிட்ட வடக்கால, தெக்காலன்னு எதுவும் மாத்தாதீங்க.

சவரிமுத்து: வெட்ட வெளியில இல்லம்மா. மரத்தடியில. அந்த ஊர்ல வெயிலே கம்மின்னு எனக்குத் தெரியும்... தெரிஞ்சும், "எம் பொண்ணுக்கு வெயில் ஆகாது, நல்ல பெரிய மரமா பாத்து அதும் நெழல்ல வைங்க"ன்னு நாந்தான் கெஞ்சிக் கேட்டுக்கிட்டேன்.