பத்தொன்பதாம் சரத்து

மேடையில் அமர்ந்திருக்கும் நம் சட்ட நிறுவனத்தின் மூத்த பங்குதாரர் அவர்களே, நீதிமன்றத்திலிருந்து கோட்டைக் கழற்றக்கூட நேரமில்லாமல் ஓடி வந்திருக்கும் வழக்கறிஞர் நண்பர்களே, காற்றாலை நிறுவனங்களின், சூரிய மின் நிறுவனங்களின் மேலாளர்களே, அவற்றுக்கு நிலம் கொடுத்த பெரியவர்களே...

இல்லை, இந்த வரிசை சரியில்லை. நாம் அஞ்சலி செலுத்தக் கூடியிருக்கும் அக்கா இருந்திருந்தால், "நிலம் குடுத்தவங்க கடைசியிலயா?" என்று கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்த்திருப்பார். மன்னியுங்கள், மறுபடி தொடங்குகிறேன். நிலம் கொடுத்த பெரியவர்களே! முதல் வரிசையில் இருக்கும் அக்காவின் கணவரே, அவர் பெற்ற மகளே! மேடையிலும் அவையிலும் இருக்கும் மற்ற அனைவருக்கும் என் வணக்கம்.

என் கையில் அச்சடித்த தாள் இரண்டு இருக்கிறது. மூத்தவர் பார்த்துத் திருத்திக் கொடுத்தது. பத்து நிமிடத்தில் படித்துவிடலாம். அக்கா போய்ப் பன்னிரண்டு நாள் ஆகிறது. இந்தப் பன்னிரண்டு நாளாக என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. வீட்டில் நடக்கிறேன், அலுவலக நடைவழியில் நடக்கிறேன், மாடிப்படியில் ஏறி இறங்குகிறேன். இந்த மேடையில் நடக்க இடமில்லை, அதனால் ஒலிபெருக்கிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

தாளில் இப்படி இருக்கிறது. மூத்த வழக்கறிஞர், நம் நிறுவனத்தில் பசுமை மின்சாரப் பிரிவைத் தொடங்கி இருபத்திரண்டு ஆண்டுகள் நடத்தியவர், முந்நூற்றுப் பன்னிரண்டு நிலக் குத்தகைப் பத்திரங்களை எழுதி, ஒவ்வொன்றையும் நிலக்காரருக்கு வாய்விட்டு வாசித்துக் காட்டியவர். பெருமைதானே? பெருமைதான். ஆனால் அந்த எண்ணில் ஒரு பிழை இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

காற்றாலை என்றால் குழந்தைகளின் காகிதக் காற்றாடி என்று வழக்கறிஞர்களே நினைத்திருந்த காலத்தில் அந்தப் பிரிவைத் தொடங்கியவர் அவர். அன்றைக்கு அவருக்குக் கிடைத்த அறை எது? கோப்புகள் அடுக்கும் அறை. அதில் ஒரு சன்னல், ஒரு மேசை, காலாடும் ஒரு நாற்காலி. எதிர்க் கட்டடத்தின் தண்ணீர்த் தொட்டி நம் மொட்டைமாடிச் சூரியத் தகடுகளின் மேல் நிழல் போடுகிறது என்று, அந்தக் கட்டடத்துக்காரரோடு ஒன்பது மாதம் கடிதப் போர் நடத்தினார். கடைசியில் தொட்டி நான்கடி நகர்ந்தது. அலுவலகத்துக்குக் காபி இயந்திரம் வாடகைக்கு வந்தபோது அந்த ஒப்பந்தத்தையும் நின்றுகொண்டே முழுக்க வாசித்தார். கொண்டுவந்தவர் பாவம், இயந்திரத்தைக் கீழே வைக்கவும் முடியாமல் தூக்கிக்கொண்டு போகவும் முடியாமல் விழித்துக்கொண்டிருந்தார்.

மேலாளர்கள் அவர் முதுகுக்குப் பின்னால் அவரைப் "பாராயணம்" என்று அழைத்தார்கள். இங்கே சிலர் தலையைக் குனிகிறீர்கள். குனிய வேண்டாம், அது அவருக்குத் தெரியும். தொலைபேசியில் "ஆமா, பாராயணம்தான் பேசறேன்" என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

அவருடைய முறை இதுதான். வரைவு தயாரானதும் நிலத்துக்கே போவார். காற்றாலையின் கால் எந்த இடத்தில் ஊன்றப்போகிறதோ அந்த இடத்தில் நிலக்காரரை நிறுத்துவார், தானும் நிற்பார். "படிக்கிறேன், கேளுங்க. புரியாத எடத்துல நிறுத்துங்க" என்பார். பிறகு முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை வாசிப்பார். வெயில் அடித்தாலும் அதுதான், தூறல் போட்டாலும் அதுதான். நிறுவனத்து ஆட்கள் காரில் குளுகுளுவென்று உட்கார்ந்து உச்சுக் கொட்டுவார்கள்.

ஒருமுறை சூரியத் தகடு போடும் நிலம் ஒன்றில் ஆடு மேய்க்கும் பெரியவர் எட்டாம் சரத்தில் நிறுத்தினார். வேலி ஓரம் ஆறடிப் பாதை விடப்படும் என்று, அக்காவுக்கு ஜூனியராக இருந்த நான் எழுதியிருந்தேன். "நான் போயிடுவேன்மா. ஆடுங்க வரிசையில வராதே" என்றார் அவர். நான் சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை. அங்கேயே பேனாவை எடுத்து ஆறை அடித்துவிட்டு இருபது என்று எழுதினார். அந்த நிலத்தில் இன்றுவரை ஒரு தகராறு வந்ததில்லை. இன்றைக்கு அந்தத் தகடுகளின் அடியில் புல்லை மேய்வதே அந்த ஆடுகள்தான்.

அவர் எழுதிய வரைவுகள் எல்லாவற்றிலும் தவறாமல் இருந்த ஒன்று பத்தொன்பதாம் சரத்து. காற்றாலையை நட்டவர்களே, அதன் காலம் முடிந்ததும் வந்து அதை எடுத்துக்கொண்டு போக வேண்டும். அவ்வளவுதான் அது. எத்தனை நிறுவனங்கள் அதற்காக நம்மை விட்டுப் போயின! பங்குதாரர் கூட்டத்தில், "இது நல்ல காரியம், இதுக்குப் போய் முட்டுக்கட்டை போடலாமா?" என்று அவரிடம் கேட்டது நான்தான். அவர் சொன்ன பதில் எனக்கு இன்னும் காதில் கேட்கிறது. "நல்ல காரியம்னு சொல்லி ஒருத்தர் நிலத்துல குப்பையை விட்டுட்டு வந்தா, பக்கத்து நிலத்துக்காரர் நல்ல காரியத்தையே நம்ப மாட்டார் தம்பி."

தாளில் அடுத்த பத்தி அவருடைய விருதுகள். அதை விட்டுவிடுகிறேன்.

இன்று மாலை நான் இந்த மண்டபத்துக்குள் நுழையும்போது வாசலில் ஓர் அம்மா என்னை நிறுத்தினார். மூன்றாவது வரிசையில் ஓரத்தில், மடியில் துணிப்பையோடு உட்கார்ந்திருக்கிறார். "இனிமே என் விஷயத்தை யார்கிட்ட கேக்கறது?" என்றார். ஆபீசில் கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டேன். யாரைக் கேட்கப் போகிறேன் நான்?

அவர் விஷயம் என்னவென்று சொல்கிறேன். பதினேழு ஆண்டுகளுக்கு முன் அவர் தன் நிலத்தைக் காற்றாலைக்குக் குத்தகைக்குக் கொடுத்தார். நட்ட நிறுவனம் அதை வேறொரு நிறுவனத்துக்கு விற்றுவிட்டுக் கலைந்துபோனது. நான்கு ஆண்டுகளாகக் காற்றாலை ஓடவில்லை. ஓர் இறக்கை முறிந்து அவருடைய பம்புக் கொட்டகையின் மேல் விழுந்தது. மேலேயிருந்து எண்ணெய் ஒழுகி மண் கறுத்துக் கிடக்கிறது. காற்று அடித்தால் மிச்ச இரண்டு இறக்கையும் கிறீச்சிடுகின்றன. கீழே போய் விதைக்க அவருக்குப் பயம், விதைத்தாலும் முளைக்காது. வாங்கிய நிறுவனத்தைக் கேட்டால், எடுத்துப்போக வேண்டும் என்று பத்திரத்தில் எங்கே இருக்கிறது என்கிறார்கள். அவர்கள் சொல்வது சரி. அந்தப் பத்திரத்தில் அது இல்லை. முந்நூற்றுப் பன்னிரண்டில் அந்த ஒன்றில் மட்டும் இல்லை. தாளில் இருக்கும் எண்ணில் பிழை என்று நான் சொன்னது அதைத்தான்.

பதினோரு மாதத்துக்கு முன் இந்த அம்மா தன் பத்திரத்தோடு நம் அலுவலகத்துக்கு வந்தார். அக்கா, தான் வாசித்த வரைவையும் கையெழுத்தான பத்திரத்தையும் பக்கம் பக்கமாக வைத்து ஒப்பிட்டார். பிறகு இரண்டையும் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். "ரெண்டையும் படிச்சுப் பாருங்க தம்பி. அவசரமில்ல."

நான் படித்ததாகப் பாவனை செய்தேன். டைப் அடிக்கும்போது விட்டுப்போயிருக்கும் என்றேன்.

"இருக்கலாம்" என்றார் அக்கா. தாள்களை எடுத்துக்கொண்டு போனார்.

டைப் அடித்த அம்மையார் கடைசி வரிசையில் இருக்கிறார். முப்பது வருடமாக நம் அலுவலகத்தில் ஓர் எழுத்தை விடாமல் அடித்தவர். இந்தப் பதினோரு மாதமாக அலுவலகத்தில் அவர் காதில் படாமல் அவரைப் பற்றி ஒரு பேச்சு இருக்கிறது. கண்ணில் புரை வந்துவிட்டது, பழைய ஆளில்லை என்று. தேநீர் வேளையில் அந்தப் பேச்சு ஓடியபோது நானும் அங்கே நின்று தேநீர் குடித்திருக்கிறேன். கடைசி வரிசை அம்மா, நீங்கள் எழுந்திருக்க வேண்டாம். எழுந்து நிற்க வேண்டியவன் நான், நின்றுகொண்டுதான் இருக்கிறேன்.

எந்த எழுத்தும் விட்டுப்போகவில்லை. நான்தான் எடுக்கச் சொன்னேன்.

பதினேழு வருடத்துக்கு முன் அது. அக்கா, தன் மகளின் பிரசவத்துக்காக ஒரு வாரம் விடுப்பில் இருந்தார். வரைவை அதற்கு முந்தின வாரமே இந்த அம்மாவின் நிலத்தில் நின்று வாசித்து முடித்திருந்தார். கையெழுத்து மட்டும் பாக்கி. காலையில் நிறுவனத்திலிருந்து போன் வந்தது. ஒரே ஒரு சரத்துதான் இடிக்கிறது, அதை எடுத்துவிட்டால் இன்றே முடித்துவிடலாம் என்றார்கள். எடுத்தேன். எண்களை மாற்றச் சொன்னேன். மதியம் போய்ப் பத்திரத்தை நீட்டினேன். இந்த அம்மா பேனாவைக் கையில் வாங்கிக்கொண்டு, "படிக்க மாட்டீங்களா?" என்று கேட்டார்.

"போன வாரம் அக்கா படிச்சதேதான்மா" என்றேன்.

மேடையில் மூத்தவர் என் கையைத் தொடுகிறார். ஐயா, இன்னும் ஐந்து நிமிடம். அதற்குப் பிறகு நீங்கள் சொல்வதைக் கேட்கிறேன்.

அக்கா திரும்பி வந்ததும் சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தேன். இனிப்போடு வந்தார், பேத்தி பிறந்த சந்தோஷத்தில் இருந்தார். நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டேன். அந்த நாளை பதினேழு வருடம் ஆகிவிட்டது.

அக்கா என்ன செய்தார்? நம் நிறுவனம் எழுதிய பத்திரத்துக்காக நாமே வாதாடக் கூடாது என்று வெளியிலிருந்து ஒரு வழக்கறிஞரை அமர்த்தினார். பத்திரத்தைத் திருத்தக் கோரி இந்த அம்மாவின் பெயரில் வழக்குப் போட வைத்தார். தன்னைச் சாட்சியாகச் சேர்த்துக்கொண்டார். நான் வாசித்தது வேறு, இவர் கையெழுத்திட்டது வேறு என்று கூண்டில் ஏறிச் சொல்லத் தயாராக இருந்தார். தன் நிறுவனத்தின் பெயர் கெடுமே என்று ஒரு நிமிடமாவது யோசித்தாரா? யோசித்திருப்பார். யோசித்துவிட்டுத்தான் சேர்த்தார். அந்தச் சாட்சி இப்போது இல்லை. வரும் திங்கட்கிழமை சாட்சிப் பட்டியலைக் கொடுக்கக் கடைசி நாள். வேறு யாராவது இருக்கிறார்களா என்று வெளி வழக்கறிஞர் மூன்று முறை போன் செய்துவிட்டார். யாரும் இல்லாவிட்டால், அந்த அம்மா தன் காலம் உள்ளவரை அந்தக் கிறீச்சைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

நேற்றுக் காலை அக்காவின் கணவர் என் அறைக்கு வந்தார். வழக்குக் கோப்பு ஒன்றை மேசையில் வைத்தார். "உங்ககிட்ட குடுக்கச் சொல்லி எடுத்து வச்சிருந்தா" என்றார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை, போய்விட்டார்.

அதில் சாட்சிப் பட்டியல் இருந்தது. அக்கா கைப்பட எழுதியது. ஒன்று என்று போட்டு இந்த அம்மாவின் பெயர். இரண்டு என்று போட்டுத் தன் பெயர். மூன்று என்று போட்டு ஒரு கோடு. கோட்டின் மேல் ஒன்றும் இல்லை.

அவருக்குத் தெரிந்திருக்கிறது! பதினோரு மாதம் தினமும் என்னைப் பார்த்தார். தம்பி என்றுதான் கூப்பிட்டார். என் சாப்பாட்டுப் பெட்டியிலிருந்து ஊறுகாயை எடுத்துக்கொண்டார். ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர் கேட்டிருந்தால் நான் சண்டை போட்டிருப்பேன், மறுத்திருப்பேன், எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். நானே வந்து சொல்ல வேண்டும் என்று காத்துக்கொண்டிருந்தார். நான் போகவில்லை. அவர் போய்விட்டார். அக்கா, இதை உங்கள் அறைக் கதவைத் தட்டிச் சொல்லியிருக்க வேண்டும். இருநூறு பேருக்கு முன்னால் உங்கள் படத்தைப் பார்த்துச் சொல்கிறேனே!

இந்த இரண்டாம் தாளின் கடைசியில், "அன்னார் விட்டுச் சென்ற பணியை நாம் அனைவரும் தொடர்வோம்" என்று இருக்கிறது. எழுதிய எதையும் அனுப்பும் முன் வாய்விட்டு வாசி, எங்கே நாக்குத் தடுமாறுகிறதோ அந்த இடத்தை மறுபடி பார் என்று அக்கா எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார். காலையில் இதை வாசித்துப் பார்த்தேன். 'நாம் அனைவரும்' என்ற இடத்தில் நின்றுவிட்டது. அனைவரையும் பற்றி எனக்குத் தெரியாது. தாளை மடித்துவிட்டேன். பட்டியலை எடுத்து வந்திருக்கிறேன்.

மூன்றாவது வரிசையில் இருக்கும் அம்மா, இந்த மூன்றாம் கோட்டின் மேல் நான் எழுதியிருப்பதை உங்களுக்குப் படிக்கிறேன், கேளுங்கள். புரியாத இடத்தில் நிறுத்துங்கள்.

"மூன்றாம் சாட்சி: இந்தப் பத்திரத்தின் பத்தொன்பதாம் சரத்தை நிலக்காரருக்குத் தெரியாமல் நீக்கியவரும், அவர் கேட்டபோது பொய் சொல்லிக் கையெழுத்து வாங்கியவருமான..."

என்ன அம்மா? சொல்லுங்கள். ஒலிபெருக்கி இல்லாமலே கேட்கிறது, சொல்லுங்கள்.

"ஏன் எடுத்தீங்க?" என்று கேட்கிறார்.

அவசரம், அம்மா. அடுத்த பத்திரமும் எங்களிடமே வர வேண்டும் என்ற ஆசை. காற்றாலை நல்லது, சீக்கிரம் ஓட வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உங்களுக்கு எதுவும் ஆகாது என்று நினைத்தேன். உங்களை நினைக்கவேயில்லை என்பதுதான் உண்மை. திங்கட்கிழமை இந்தப் பட்டியலை நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன். கூண்டில் ஏறி இதையே சொல்கிறேன். அதன் பிறகு நான் வழக்கறிஞனாக இருப்பேனா என்பது மற்றவர்கள் முடிவு செய்ய வேண்டியது.

தலையை ஆட்டுகிறீர்கள். புரிந்ததா அம்மா?

சரி. மேலே படிக்கிறேன்.