டப்பா வைக்க ஓர் இடம்

— டப்பான்னு மொட்டையா சொன்னா எப்படி தம்பி? உள்ள என்ன இருக்குன்னுதான கேக்கேன்.

— சொன்னேனே அங்கிள். ஒரு சின்ன நோட்டு, பென்சில், நாலஞ்சு பிளாஸ்டிக் பொம்மை. அவ்வளவுதான். தொறந்தே பாருங்க.

— எஸ்தர்! இங்கன வா. இந்தத் தம்பி என்னமோ டப்பா கொண்டாந்திருக்கான். நம்ம கார்டன்ல ஒளிச்சு வைக்கணுமாம்.

— மாதாவே! அத எதுக்குங்க கைல வாங்குதிய? கீழ வைங்க மொதல்ல. இந்தப் புனேல அநாத டப்பான்னாலே குண்டுன்னுல்லா சொல்லுதாவ.

— பயப்படாதீங்க ஆன்ட்டி. சாப்பாடு கொண்டுபோற டப்பாதான்.

— சரி, நீ ஒளிச்சு வைக்கே. பொறவு யாரு எடுப்பா?

— யாரு வேணா எடுக்கலாம் அங்கிள், அதான் ஆட்டமே. வச்ச இடத்தோட ஜிபிஎஸ் நம்பர நெட்ல போட்டுடுவோம். அத வச்சு தேடி வருவாங்க. கண்டுபிடிச்சா நோட்டுல பேர எழுதிட்டு, இருந்த இடத்துலயே திருப்பி வச்சிட்டுப் போயிடுவாங்க. ஜியோகேஷிங்னு பேரு. உலகம் பூரா ஆடறாங்க.

— உலகம் பூராவும் இருந்து கிளம்பி இந்தக் கோர்படிக்கு வந்து டப்பா தேடுவானாக்கும்? அரே பாபா, அந்தப் பக்கம் மிலிட்டரி சுவரு, இந்தப் பக்கம் ரயில்வே காலனி. நடுவுல நீ நம்பர் எழுதி ஊருக்கெல்லாம் காட்டுவே. நாளைக்குப் போலீஸ் சௌகில போயி விளையாட்டுன்னு சொன்னா, சமோசா வாங்கிக் குடுப்பானா?

— அதுக்குத்தான் பர்மிஷன் கேட்டு வந்திருக்கேன். வேற ஒரு பார்க்ல என் ஃப்ரெண்டு கேட்காம வச்சிட்டான். தோட்டக்காரர் பாத்து பயந்து, போலீஸ் வந்து, நாய் வந்து, பெரிய தமாஷா ஆயிடுச்சு. அதுலேர்ந்து பார்க்க பாத்துக்கறவங்க சரின்னு சொல்லாம நாங்க வைக்கறதில்ல.

— நான் வெறும் சூப்பர்வைசர். ஆபீஸ்ல போயி கேளு.

— கேட்டுட்டுத்தான் வரேன். பெரிய சாஹேப் சரின்னுட்டார். எந்த இடம்ங்கறத மட்டும் சேவியர் சொல்லட்டும்னார். நீங்களே போன் போட்டுக் கேளுங்க.

— போடாம பின்ன? ஹலோ, சாஹேப், நமஸ்கார்... ஹோ, ஹோ, தோ டப்பேவாலா முல்கா... டீக் ஆஹே சாஹேப்... ம். சரின்னுதான் சொல்லுதாரு.

— சொன்னேன்ல?

— சாஹேப் சொன்னா ஆச்சா? நாளைக்கு ஒண்ணுன்னா சாஹேபா வந்து நிப்பாரு? கழுத்துல கயிறு எனக்குத்தான். எங்க, ஐடி கார்டக் காட்டு. அனிருத்... விமான் நகர் கம்பெனி. வீடும் அங்கதானா?

— ஆபீஸ் மட்டும்தான் அங்க. வீடு கராடியில.

— அங்கல்லாம் இதவிடப் பெரிய பெரிய பார்க்கு இருக்கே. அத விட்டுட்டு இத்தன தூரம் என்னத்துக்கு?

— அங்க ஏற்கனவே வச்சாச்சு அங்கிள். இந்த மேப்ப பாருங்க, பச்சைப் புள்ளியெல்லாம் டப்பா. கோர்படியில ஒண்ணுகூட இல்ல. வந்த இடத்துல நீங்க தமிழா வேற போயிட்டீங்க, பேசறதுக்கும் சுலபமா இருக்கு. இங்கயே குவார்ட்டர்ஸா ஆன்ட்டி? பசங்கல்லாம்?

— ஒரே பையன்தான். தளேகாவ்ல பேக்டரி வேல.

— ஓ, அங்கயே தங்கிட்டாரா?

— அதெல்லாம் டப்பாக்கு எதுக்கு தம்பி?

— சும்மா கேட்டேன் அங்கிள். சாரி. நான் அந்த அரசமரத்தடியில சிக்னல் எப்படி இருக்குன்னு பாத்துட்டு வந்துடறேன். டப்பா உங்ககிட்டயே இருக்கட்டும்.

— போயிட்டானாங்க?

— போயிட்டான். மெதுவாப் பேசு. உன்ன யாரு பையன் கதையெல்லாம் சொல்லச் சொன்னா?

— கேட்டான், வாயில வந்துட்டு. ஏங்க, தேஜு வீட்டு ஆளா இருப்பானோ?

— அதத்தான் நானும் பாக்கேன். அவ வீடும் விமான் நகர்தான. அதான் வீடும் அங்கதானான்னு கேட்டேன்.

— ரிஜிஸ்டர் கல்யாண ஆபீஸ் போர்டுல நம்ம அட்ரஸப் போட்டுல்லா நோட்டீஸ் ஒட்டியிருக்கான். அவ அப்பாரு அந்த ராமநாதன் கண்ணுல படாமயா இருக்கும்? ஸ்டீபன் கைக்கட்டு இன்னும் பிரிக்கல. வேதக்காரப் பய, தோட்டக்காரன் மவன், எம்பொண்ணையாடா தொட்டேன்னு ஆள் விட்டு அடிச்ச அடி. இன்னொரு தரம் சிக்குனா எம்புள்ளய உசுரோட விட மாட்டாவ. அவளையும் இழுத்துட்டுப் போயி ரூம்ல போட்டுப் பூட்டிருவாவ.

— அழாத. அவன் திரும்பிப் பாத்தா என்ன நெனைப்பான்? நாளைக்கு ஒரு நாளு. திங்கக்கெழம ரெண்டும் கையெழுத்துப் போட்டுட்டா எவனும் அசைக்க முடியாது. அதுவரைக்கும் பம்ப் ரூம விட்டுத் தல காட்டப்படாது, அம்புட்டுத்தான்.

— இவன் அவளுக்கு அண்ணன்காரனா இருந்தா?

— ஏது அண்ணன்? ஒத்தப் புள்ளன்னு அவளேதான சொன்னா.

— தேஜுவ ஜன்னல் வழியா எட்டிப் பாத்து ஆளு யாருன்னு சொல்லச் சொல்லட்டா?

— கூறு இருக்கா உனக்கு? இப்ப நீ அந்தப் பக்கம் நடந்து போனாலே காட்டிக் குடுத்த மாதிரிதான்.

— கூலிக்கு வந்தவனா இருக்குமோ?

— கூலிக்கு வாரவன் பெரிய சாஹேப்ட்ட பர்மிஷன் கேட்டுக்கிட்டா வருவான்? ஐடி கார்ட நீட்டுவானா? அதான் எனக்கும் பிடிபட மாட்டேங்குது. எதுக்கும் நீ வாயத் தொறக்காத. வாரான்.

— சிக்னல் சூப்பர் அங்கிள். ஆனா ஒரு இடம் மட்டும் எழுதிக் குடுத்தா பத்தாது, ரெண்டு மூணு இடம் சொல்லுன்னு எங்காளுங்க கேப்பாங்க. சறுக்கு மரத்துக்குப் பின்னாடி வைக்கலாமா?

— வையி. புள்ளைங்க தூக்கிட்டுப் போனா என்னையக் கேக்கப்படாது.

— மிலிட்டரி சுவரோரம்?

— சுவர ஒட்டி வேண்டாம். இந்தப் பக்கம் செடிக்குள்ள வேணா வையி.

— பழைய கக்கூஸ் இருக்கே, அதுக்குப் பின்னாடி?

— நாத்தம் தாங்குறவன் வந்து எடுத்துட்டுப் போறான். வையி.

— அப்போ அந்தக் கோடியில பூட்டிக் கிடக்கே, பழைய பம்ப் ரூமா அது? அதோட —

— அங்க பாம்பு கெடக்கு!

— கரண்ட் லீக் ஆவுது தம்பி!

— ரெண்டுமா ஆன்ட்டி?

— ஆமா... பாம்பும் உண்டு, கரண்டும் உண்டு. இல்லீங்களா?

— ஆமாங்கேன்! அந்தத் தெசைக்கே போகாத தம்பி. நானே போறதில்ல.

— ஐயோ, வேண்டவே வேண்டாம். தேடி வர்றதுல சின்னப் பசங்களும் இருப்பாங்க. ஒருத்தருக்கு ஒண்ணுன்னா அந்தப் பாவம் எனக்கு எதுக்கு? வாசல் பக்கம் அந்த அரசமரமே போதும் அங்கிள். உங்க கண்ணு முன்னாடியே இருக்கும்.

— அது நல்ல புத்தி. யாரு வாரா, யாரு போறான்னு நானும் பாத்துக்கிடுவேன்.

— ஆன்ட்டி, மொதல்ல நீங்க ஏதாவது ஒரு சாமான் போடுங்களேன். கண்டுபிடிக்கறவங்க எடுத்துக்கிட்டு, அவங்க ஒண்ண வச்சிட்டுப் போவாங்க.

— நானா? எங்கிட்ட என்ன இருக்கு... வேளாங்கண்ணி மாதா டாலர் ஒண்ணு முந்தானையில முடிஞ்சு வச்சிருக்கேன். போடலாமா? வேற சாமிக்காரவ எடுத்தா சங்கடப்பட மாட்டாவளா?

— என்ன ஆன்ட்டி இப்படிக் கேக்கறீங்க. மாதா எல்லாருக்கும்தானே.

— கேட்டியளாங்க? என்ன அழகாச் சொல்லுதான் பாருங்க.

— கேட்டேன், கேட்டேன். கையெழுத்து எங்கன போடணும்?

— இங்க அங்கிள். தேதியும். ரொம்ப தேங்க்ஸ்.

— ஒரு வாய் சாய் குடிச்சிட்டுப் போப்பா. வெயில்ல வந்திருக்கே.

— இன்னொரு நாள் கண்டிப்பா வரேன் ஆன்ட்டி.

— பாத்துப் போ. ரயில்வே கேட்டுக்கிட்ட லாரிக்காரன் கண்மண் தெரியாம வருவான்.

— சரி ஆன்ட்டி. வரேன் அங்கிள்.

— வெளிய போயிட்டான் பாருங்க. எம்மா, இப்பதான் எனக்கு மூச்சே வருது.

— ச்சே, பாவம்லா. பச்சப் புள்ளய போயி கள்ளனக் கேக்க மாதிரி குடைஞ்சு எடுத்துட்டேன். கொஞ்ச நாளா எவனப் பாத்தாலும் அந்த ராமநாதன் அனுப்புன ஆளாவே தெரியுது. நாய்க்குப் பயந்தவன் ஆட்டுக்குட்டியப் பாத்து ஓடுன கத.

— நல்ல பையன்ங்க. பம்ப் ரூம் வேண்டாம்னதும் மறுபேச்சு பேசுனானா? ஸ்டீபனுக்கு எல்லாம் நல்லபடியா முடிஞ்சதும் ஒருநாளு கூப்பிட்டு பிரியாணி போடணும்.

— போடலாம் போடலாம். மொதல்ல உள்ள இருக்கறதுகளுக்குச் சோத்தக் குடு. காலைலேருந்து பட்டினியா கெடக்குதுங்க. இனிமே தைரியமாப் போ.

— ஹலோ, பெரியப்பா? அனிருத் பேசறேன், கேட்டுக்கு வெளியிலதான் நிக்கறேன். நம்ம தேஜு இங்கதான் இருக்கா. இல்லே, கண்ணால பாக்கல்லே. பார்க் பூரா எங்க வேணா டப்பாவ வெச்சுக்கோன்னான், பழைய பம்ப் ரூம்னு வாயத் திறந்தேன், அந்தாள் பாம்புங்கறான், அந்தம்மா கரண்டுங்கறா. இதோ, கையில சோத்துத் தூக்கோட இப்ப அங்கதான் போயிண்டிருக்கா.