கதவு சுகமோ?

இல்லை மாஸ்ரர், கடுதாசியிலை சுகம் விசாரிச்சது காணும். ஊரிலை இங்கிலீஷ் படிப்பிச்ச உங்களை விட்டால் பலெர்மோவிலை நான் ஆரிட்டைப் போறது? கார்ட் போட்டவருக்குக் கனமோரி எண்டு பேர். யப்பான்காரர். கிற்றார் வாசிக்கிறவர்.

என்ன பாட்டோ? பாட்டெங்கை. கிற்றாரை மேசையிலை மல்லாத்திப்போட்டு, இரும்புத் தகட்டாலை உரஞ்சுவார். ராகமுமில்லை தாளமுமில்லை, அந்த நேரம் என்ன வருதோ அதுதான். முதல்நாள் கேட்டிட்டுச் சிரிப்படக்கேலாமல் குசினிக்கை ஓடினனான். இளமையிலை தோக்கியோவிலை காது கிழிய வாசிச்சுப் பேரெடுத்தவராம். வயது போகப்போகச் சத்தத்தைக் குறைச்சுக் குறைச்சு, கடைசியிலை நுளம்பு பாடுற மாதிரி மெல்லிய சத்தங்களுக்கு வந்திட்டார். அதைக் கேக்கவும் இஞ்சை சனம் இருந்தது, பாருங்கோ.

தொண்ணூற்றிரண்டிலையிருந்து ஒவ்வொரு சித்திரையும் கச்சேரிக்கு வந்தால், பகேரியாவிலை நான் வேலைசெய்யிற வீட்டிலைதான் தங்குவார். வீட்டுக்கார அம்மா, சிஞ்ஞோராவுக்குப் பழக்கம். பெட்டியை வைச்சதும் மேல்மாடிக் கதவைத் திறந்து பாப்பார். பழங்கதவு, மெல்லிசாய்க் கிறீச்செண்டு கத்தும். மெல்லிய சத்தங்கள்தான் உங்கடை காதுக்கு முதல் இல்லாமல் போகும் எண்டு டொக்டர் சொல்லியிருந்தவராம். அதாலை அந்தக் கதவுதான் அவருக்குச் சோதினை. கத்துறது கேட்டால் முகம் மலர்ந்திடும். கதவிலை ஒருத்தரும் கைவைக்கக் கூடாதெண்டு சிஞ்ஞோராவின்ரை கட்டளை.

தொண்ணூற்றைஞ்சிலை வந்தவர் கதவைத் திறந்தார். மூடினார். திரும்பத் திறந்தார். என்ரை முகத்தைப் பாத்து, செலஸ்ரீனா, உனக்குக் கேட்டதோ எண்டார். அடுத்தநாள் கச்சேரி வேண்டாமெண்டிட்டு யப்பானுக்குப் போயிட்டார். போனவர் கிற்றாரைத் தொடவேயில்லையாம். காது போச்சாம். பயந்திருந்த மனிசனுக்கு வேறை சாட்சி வேணுமே?

மூண்டு வருசத்துக்குப் பிறகு இப்ப அவரிட்டையிருந்து இந்தக் கார்ட். கதவு சுகமோ எண்டு கேட்டிருக்கிறார் எண்டு நீங்கள்தானே வாசிச்சுச் சொன்னியள். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் எண்டு சும்மாவே சொன்னவை. அந்தக் கதவாலை போகவர எனக்கு வெக்கமாய்க் கிடக்கு.

எழுதுங்கோ மாஸ்ரர். தொண்ணூற்றைஞ்சிலை அவர் வரமுந்தி, பெரிய வெள்ளிக்கிழமை. எங்கடை ஊரிலை அண்டைக்குக் கோயில் மணி அடியாது, உரலிலை உலக்கை விழாது. அந்தக் கதவு மட்டும் கத்திக்கொண்டு நிண்டது எனக்குப் பொறுக்கேல்லை. கதவின்ரை பிணைச்சலுக்குத் தேங்காயெண்ணெய் விட்டனான்.

ஓம், நான்தான். இல்லை, அவருக்குச் சொல்லேல்லை. அந்த மாதந்தான் சிஞ்ஞோரா என்ரை பெர்மெசோ, இஞ்சை இருக்கவிடுற கடுதாசியிலை கையெழுத்து வைக்கவேண்டியிருந்தது. வேலையாலை நிப்பாட்டிப் போடுவா எண்டு பயம். அவர் அப்பிடிக் கேக்க, ஓம், நல்லாய்க் கேட்டது, வழமைமாதிரித்தான் கத்தினது எண்டு சொல்லிப்போட்டன்.

அதை அப்பிடியே எழுதுங்கோ. கையெழுத்தை நான் வைக்கிறன்.