கம்பம் சாய்ந்த பிறகு

— இன்னொரு விரல் பாக்கி இருக்கு மச்சான். என் பொண்டாட்டியைக் காணோம்னு ரேடியோவுல யார் யார்கிட்ட ஒப்பாரி வெச்ச?

— யார்கிட்டயும் இல்ல மாமா... அய்யோ! ஆ!

— இரும்பையே வளைக்கிற வெல்டிங் கைடா இது. உன் எலும்பு எம்மாத்திரம்?

— சொல்றேன்! ஊர்ல என்னை மாதிரி ஹாம் ரேடியோ வெச்சுப் பேசுற எல்லார்கிட்டயும் காலையில சொன்னேன். அக்காவைத் தேடுங்கன்னு.

— தெரியும். அதான் மாடி ஏறி உன் ஏரியல் கம்பத்தை அறுத்துட்டு வந்தேன். நட்டவனும் நான், சாய்ச்சவனும் நான்.

— அந்த வெர்டிக்கல் ஏரியலையா? நாலு திசைக்கும் போகுமே மாமா அது...

— இனி உன் பேச்சு இந்தச் சுவரைத் தாண்டாது. பெட்டியைப் பாரு, கரகரப்புகூட இல்ல. செத்துப் போச்சு.

— சுவத்துல லூப் ஏரியல் இருக்கு.

— அந்த வளையமா? துணி காயப்போட ஆகும்! கம்பம்னா வானத்தைப் பார்த்து நிக்கணும்டா. ஆமா, மேசைக்கடியில கால் ஏன் நடுங்குது?

— பயம் மாமா. ரெண்டு கையும் போச்சு, என்னால என்ன பண்ண முடியும்? அக்கா உயிரோட இருக்காளா? அதை மட்டும் சொல்லுங்க.

— நேத்து வரைக்கும் முனகிக்கிட்டு இருந்தா. என்னை விட்டுப் போறேன்னு வாய் பேசினவ இல்ல? கிடக்கட்டும்.

— பட்டறையிலயா?

— அங்கே வைக்க நான் என்ன மடையனா? ஏரிக்கரை பழைய பம்ப் ரூம். வெளியே இருந்து கதவையே வெல்டு வெச்சு மூடிட்டேன். பூட்டு இருந்தாத்தானே சாவி தேடுவாங்க! எப்படி?

— ஏரிக்கரை பம்ப் ரூம். கதவை வெல்டிங் பண்ணியிருக்கார். கட்டர் எடுத்துட்டுப் போங்க.

— டேய், யார்கிட்ட பேசுற?

— லூப்புலயும் பேசலாம் மாமா. கம்பம் அளவுக்குத் தூரம் போகாது, ஊருக்குள்ள தாராளமாப் போகும். மைக் உங்க மூக்குக்கு நேரா இருக்கு, சுவிட்ச் என் காலுக்கடியில. அதை அமுக்கியிருக்கிற வரைக்கும் நம்ம பேச்சு வெளியே போகும், பெட்டி வாயே திறக்காது. இப்ப காலை எடுக்கறேன், கேளுங்க.

— ...தெளிவாக் கேட்டுச்சு தம்பி, முதல் விரல்லருந்தே. ஏரிக்கரைக்கு ரெண்டு பேர் கட்டரோட கிளம்பியாச்சு. நாங்க நாலு பேர் கை ரேடியோவோட உன் மாடிப்படியில நிக்கறோம். உங்க மாமா கதவைத் திறக்கறாரா, உடைக்கட்டுமான்னு கேளு.