மூடிய பள்ளத்தின் ஒன்பது பூஜ்ஜியங்கள்

அவையைத் தலைமையேற்று நடத்தும் நகரமன்றத் தலைவர் வார்விக் ஹோல்ட் அவர்களே! நாம் தோண்ட வருவதற்கு ஆயிரமாயிரம் ஆண்டுகள் முன்பே இந்தச் செம்மண்ணில் நடந்த பழங்குடியின் மூத்தோரே! முன்வரிசையில் குறிப்பேடும் கையுமாக வீற்றிருக்கும் அனுமதித் துறை ஆய்வாளர் ஐலீன் பாக்ஸ்டர் அம்மையாரே! சுரங்க முகாமுக்குப் போன பிள்ளைகளை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மட்டும் கண்ணால் காணும் தாய்மார்களே! வெளியே சாசேஜ் இறைச்சி சுடும் வாசனையையும் வென்று இங்கே அமர்ந்திருக்கும் பெருமக்களே! உங்கள் அனைவருக்கும் வணக்கம்.

என்ன சொல்கிறீர்கள், பின்வரிசை ஐயா? "சாசேஜ் இன்னும் வேகல, அதான் உக்காந்திருக்கோம்" என்கிறீர்களா? அவையில் உண்மை பேச ஒருவராவது இருக்கிறீர்கள். இரண்டாவது ஆளாக நானும் சேர்ந்துகொள்கிறேன்.

இதோ இந்தக் கேடயம். "இருநூற்றுப் பன்னிரண்டு நாள், ஒரு விலங்குக்கும் கேடில்லை" என்று பொன்னெழுத்தில் பொறித்து என் தெற்குப் பிரிவுக்குக் கொடுத்திருக்கிறீர்கள். பளபளக்கிறது, பார்க்கவே பரவசம். ஆனால் இதன் கதையைக் கேட்டுவிட்டுக் கை தட்டுங்கள்.

சுரங்கத்தில் ஊறும் நீரை ஈரநிலத்துக்குக் கொண்டுபோகக் குழாய் பதிக்கிறோம். அதற்கு ஏழு கிலோமீட்டர் பள்ளம். பொழுது விடிந்து மூன்று மணி நேரத்துக்குள் ஒருவர் பள்ளம் முழுவதும் நடந்து பார்க்க வேண்டும், விழுந்து கிடக்கும் உயிரை மேலே ஏற்றிவிட வேண்டும் என்பது அனுமதிப் பத்திரத்தின் பதிமூன்றாம் நிபந்தனை. வடக்குப் பாதி லெனோரா பிர்ச் பொறுப்பு. தெற்குப் பாதி கோலின் ஆகிய என் பொறுப்பு.

லெனோரா நடந்தார். ஓணான் நான்கு, பாம்பு ஒன்று, தவளை இருபது என்று அவர் தாள் நிறைந்தது. நானோ வண்டியில் அமர்ந்து, டீயை ஸ்டியரிங் மேல் வைத்துக்கொண்டு, காலைக் கூட்டம் முடிவதற்குள் பூஜ்ஜியம் போட்டேன். திங்கள் பூஜ்ஜியம், செவ்வாய் பூஜ்ஜியம், புதன் பூஜ்ஜியம்! ஒரே மண், ஒரே பள்ளம். வடக்கே விழுந்த உயிர்கள் தெற்கே மட்டும் வேலி போட்டா விலகிப் போயின? ஒருவராவது கேட்டீர்களா? நீங்கள் ஏன் கேட்கப் போகிறீர்கள்? பூஜ்ஜியம் எல்லோருக்கும் பிடிக்கும்.

மார்ச் மாதம் ஒரு காலை லெனோரா என்னை அழைத்தார். அவருடைய வடக்குப் பள்ளத்தில் ஒரு பில்பி செத்துக் கிடந்தது. முயல் காது, கூர்மூக்கு, நீங்கள் நாணயத்தில் பார்த்த அதே பிராணி. அதன் வயிற்றுப் பையில் சுண்டுவிரல் நீளத்தில் ஒரு குட்டி. அதுவும் செத்திருந்தது.

லெனோரா தரையைக் காட்டினார். "கால் தடத்தப் பாரு கோலின். உன் பக்கத்துலேர்ந்து வருது. வெளிய போக வழி தேடி ரெண்டு நாளா நடந்திருக்கு, பாவம்."

பார்த்தேன். தடம் தெளிவாகவே இருந்தது. நான் சொன்னேன்: "செத்தது உன் பக்கத்துல. உன் தாள்ல எழுதிக்க."

"எழுதுறேன்யா. நான் எழுதுவேன்னு தெரிஞ்சுதானே சொல்ற?"

எழுதினார். "பில்பி ஒன்று, குட்டி ஒன்று, இரண்டும் இறந்தன." அடுத்த நாள் துறை வேலையை நிறுத்தியது. பதினொரு நாள்! கடைத்தெருவில் அவரைப் பார்த்து, "பதினொன்னு வருது, வழி விடு" என்று கேலி செய்தவர்கள் இந்த அரங்கில் இருக்கிறீர்கள். பள்ளத்திலிருந்து அவரை முகாம் சலவைக்கூடத்துக்கு மாற்றினார்கள். வருகிற வெள்ளியோடு அந்த வேலையும் முடிகிறது. இத்தனைக்கும் நான் வாய் திறக்கவில்லை. வெட்கமாக இருக்கிறது, ஐயா. வேறு சொல் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

அம்மா, பாக்ஸ்டர் அம்மா! சாட்சி வேண்டுமே உங்களுக்கு? ஏப்ரல் இரண்டாம் தேதி புயல் மழைக்கு முன்னால் தெற்குப் பள்ளத்தை முழுதாக மண் தள்ளி மூடிவிட்டார்கள். எனக்குத் தெரியாது, நான்தான் போகவே இல்லையே! மூடிய பள்ளத்தை நான் ஒன்பது நாள் தொடர்ந்து "நடந்து பார்த்து" ஒன்பது பூஜ்ஜியம் போட்டிருக்கிறேன். ஒன்பதிலும் என் கையெழுத்து. எடுத்துப் பாருங்கள்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். நிபந்தனை என்பது தாளை நிரப்பவா? பள்ளத்தில் கால் வைக்கவா? செத்ததை எழுதிய கைக்குச் சலவைத் துணி, பொய்யை எழுதிய கைக்குப் பொற்கேடயம் என்றால், நாளை எந்தக் கை உண்மையை எழுதும்? எந்தக் கால் பள்ளத்தில் இறங்கும்? எந்த உயிர் மேலே ஏறும்?

என் வேலை போகட்டும். லெனோராவின் வேலை திரும்பி வரட்டும். லெனோரா, கதவோரம் நிற்கிறீர்களே, மேடைக்கு வாருங்கள். இந்தக் கேடயம் உங்களுடையது.

என்ன? உரக்கச் சொல்லுங்கள், எல்லோரும் கேட்கட்டும்.

"அத நீயே வச்சுக்க கோலின். அதுல இருக்கறது பூஜ்ஜியம்தானே? என்னோடது ரெண்டு, தாயும் குட்டியும்."

பெரியோரே, தாய்மாரே! பொறுமையாகக் கேட்டதற்கு நன்றி. கேடயத்தை மேசையிலேயே வைக்கிறேன். வணக்கம்.