இருபத்தொண்ணாவது தடவை

அக்கா: …பதினேழு… பதினெட்டு… என்னடா, மூச்சு வாங்கறது போன்ல கேக்குதே?

தம்பி: வாங்காம? ஏன், உனக்கு வாங்கலையா?

அக்கா: எனக்கென்ன. நான் பாட்டுக்கு நாற்காலிய விட்டு எந்திரிக்கிறேன், உக்கார்றேன். பத்தொம்போது. நீ எண்றியா, தூங்குறியா?

தம்பி: எண்ணிக்கிட்டுதான் இருக்கேன். முப்பத்தாறு வருஷம் பஸ்ஸுல டிக்கெட் கிழிச்சவன்கிட்ட வந்து எண்ணிக்கை பேசாதே. இருபது.

அக்கா: இருபது. கண்டக்டரய்யா, விசில ஊதுங்க. நான் இங்கயே இறங்கிக்கிறேன்.

தம்பி: அதெப்படி? நேத்து இருபத்திநாலு போட்ட. இன்னைக்கு இருபதுல இறங்கிட்டா எக்சர்சைஸ் டீச்சர் நோட்டுல நான் என்னத்த எழுதறது?

அக்கா: இருபத்திநாலுன்னு எழுது.

தம்பி: பொய்க் கணக்கா? அந்த வேலை என்கிட்ட ஆகாது. உக்காரு. எந்திரி. இருபத்தொண்ணு…

அக்கா: …

தம்பி: சொல்லு, இருபத்தொண்ணு.

அக்கா: வேணாம்டா. இருபதோட நிறுத்திக்கலாம்.

தம்பி: ஏன்?

அக்கா: சும்மாதான். இருபதே நல்ல நம்பர்.

தம்பி: நல்ல நம்பராம். உனக்காகத்தான்க்கா கத்துறேன். போன வருஷம் ரெண்டு தடவ ஆஸ்பத்திரியில படுத்துட்டு வந்தே. மூணாவது தடவ படுத்தா அப்புறம் எழுந்து நடக்கறது கஷ்டம்னு டாக்டர் உன் முகத்துக்கு நேரா சொன்னாரா இல்லையா?

அக்கா: சொன்னாரு.

தம்பி: அதுக்குத்தானே இந்த க்ளாஸு, இந்த நாற்காலி, இந்தக் கூத்தெல்லாம்? நடமாட்டம் கொறஞ்சவங்க ஒரு நாள் விடாம செஞ்சா ஆஸ்பத்திரிப் பக்கம் போறது கொறையும்னு டீச்சர் தலைப்பாடா அடிச்சுக்கறாங்க.

அக்கா: இன்னொண்ணும் சொன்னாங்க. நாற்காலிய சுவத்தோட ஒட்டிப் போடணும், பக்கத்துல ஆள் இல்லாம தனியா செய்யக் கூடாதுன்னு.

தம்பி: அது சரி. உனக்குத்தான் பொண்ணு பக்கத்துல இருக்காளே?

அக்கா: இருக்கா, இருக்கா. இப்ப கடைக்குப் போயிருக்கா.

தம்பி: பாத்தியா… ஜோடி ஜோடியாப் பிரிச்சு விட்டப்பவே டீச்சர் என்ன சொன்னாங்க? ஒருத்தர் நிறுத்தினா மத்தவரும் நிறுத்திடுவீங்கன்னு. அதனாலதான் நான் நிறுத்தல. செவ்வாய்க்கிழமை இருபத்திரெண்டு போட்டேன் பாரு…

அக்கா: பீத்திக்காதே. புதன்கிழமை நான் இருபத்திமூணு சொன்னதும் உன் வாய் அடைச்சுப்போச்சுல்ல?

தம்பி: அடைச்சுத்தான் போச்சு. ஆனா சந்தோஷமா இருந்துச்சுக்கா, சத்தியமா.

அக்கா: …ஆமா, உன் நாற்காலி எங்கடா போச்சு?

தம்பி: எங்க போகும்? என் முதுகுக்குப் பின்னாலதான் இருக்கு.

அக்கா: சத்தமே வரலையே. நீ ஒவ்வொரு தடவ எந்திரிக்கிறப்பவும் ஒரு கிரீச், உக்கார்றப்ப ஒரு கிரீச். அஞ்சாறு நாளா ஒண்ணையும் காணோம்.

தம்பி: எண்ணெய் விட்டேன்.

அக்கா: மர நாற்காலிக்கா?

தம்பி: …ஆணிக்கு.

அக்கா: குரல் வேற எங்கயோ பெரிய ஹால்ல நின்னு பேசற மாதிரி இருக்கு.

தம்பி: வீட்டுக்கு வெள்ளையடிக்கறாங்கன்னு சொன்னேன்ல? சாமானெல்லாம் எடுத்து வெளிய போட்டாச்சு. அதனாலதானே திங்கக்கிழமை க்ளாஸுக்குக்கூட வரல.

அக்கா: இருக்கறது ஒண்ணரை ரூம். அதுக்கு ஆறு நாளா வெள்ளையடிக்கறாங்களா?

தம்பி: ரெண்டு கோட்டிங்.

அக்கா: டேய். இருபத்தெட்டு வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல காதுல மாட்டிக்கிட்டு உக்காந்தவ நான். யாரு எங்கேர்ந்து பேசறாங்க, நின்னுக்கிட்டா படுத்துக்கிட்டான்னு மூச்ச வெச்சே சொல்லுவேன்.

தம்பி: சொல்லுவ, சொல்லுவ. எனக்கு ஒரு காது மந்தம்கிற தைரியத்துல நீ என்ன வேணா சொல்லுவ.

மகள்: மாமா, போதும் பேசினது. பால் ஆறுது. தலைய லேசா தூக்குங்க…

தம்பி: உஷ்…

அக்கா: …யாரது?

தம்பி: வெள்ளையடிக்கறவரு.

அக்கா: வெள்ளையடிக்கறவரு உன்னை மாமான்னு கூப்பிட்டாரா? என் பொண்ணு குரல் எனக்குத் தெரியாதா? போன அவகிட்ட குடு.

மகள்: அம்மா…

அக்கா: கடைக்குப் போறேன்னு சொல்லிட்டு மாமாகிட்டதான் போறியா? எத்தன நாளா?

மகள்: அம்மா, நான் அப்புறமா சொல்றேன். ஸ்பீக்கர்ல இருக்கு.

தம்பி: அவளைத் திட்டாதேக்கா. நான்தான் சத்தியம் வாங்கினேன், அம்மாகிட்ட மூச்சு விடக்கூடாதுன்னு. எனக்கு வேற யாரு இருக்கா? உன் பொண்ணுதான் பாலு, மருந்து, பாத்ரூம் சமாச்சாரம் வரைக்கும்…

அக்கா: எங்கடா இருக்கே நீ?

தம்பி: பெரியாஸ்பத்திரியில. பயப்படாதே. பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டேன், அவ்வளவுதான். இடுப்பெலும்புல ஒரு விரிசல்.

அக்கா: என்னைக்கு?

தம்பி: போன சனிக்கிழமை.

அக்கா: சனிக்கிழமையா… அப்ப செவ்வாய்க்கிழமை இருபத்திரெண்டு?

தம்பி: படுத்துக்கிட்டே எண்ணினதுதான். பக்கத்துப் பெட்டுக்காரரு என்னை ஒரு மாதிரியாப் பாத்தாரு.

அக்கா: மூச்சு வாங்கினது?

தம்பி: அதுவும் நடிப்புதான். நீ ரெண்டு வாரமா பதினெட்டுலயே நின்னுக்கிட்டிருந்தே. தம்பிப்பய இருபத்திரெண்டு போட்டுட்டான்னா உனக்கு ரோஷம் வரும்னு நெனச்சேன். நான் படுத்துட்டேன்னு தெரிஞ்சா நீயும் விட்டுடுவ. நம்ம ரெண்டு பேருல ஒருத்தராவது எந்திரிச்சு நடக்கணும்ல? லைன்ல இருக்கியா?

அக்கா: இருக்கேன்.

தம்பி: ரோஷம் வந்துச்சுல்ல? பதினெட்டுல கெடந்தவ மறுநாளே இருபத்திமூணு. அதுக்கு மறுநாள் இருபத்திநாலு. நான் படுத்த எடத்துல சிரிச்சேன். என் கால் போனாலும் அக்கா கால் வந்துடுச்சுன்னு.

அக்கா: கால் போச்சுன்னெல்லாம் சொல்லாதே. டாக்டர் என்ன சொல்றாரு?

தம்பி: நாளைக்குக் காலையில ஆபரேஷன். சர்க்கரை இறங்கலன்னு தள்ளிக்கிட்டே வந்தாங்க. இப்ப இதயம் கொஞ்சம் வீக்குங்கறாங்க… எது நடந்தாலும் எங்க பொறுப்பில்லன்னு ஒரு பேப்பர் நீட்டினாங்க. உன் பொண்ணுதான் கையெழுத்துப் போட்டா.

மகள்: எல்லாருக்கும் அப்படித்தான் எழுதி வாங்குவாங்க மாமா.

தம்பி: தெரியும்மா. ஆனா ராத்திரியெல்லாம் எனக்குத் தூக்கமில்ல. அக்கா, ஒண்ணு கேட்டா செய்வியா?

அக்கா: சொல்லு.

தம்பி: இன்னைக்கு சாயங்காலம் ஒரு எட்டு வந்துட்டுப் போ. உன் முகத்தப் பாத்துட்டா தைரியமா போயிடுவேன். உன் வீட்டுப் படி பதினாலுதானே? இறங்கினா வாசல்லயே ஆட்டோ. இங்க லிஃப்ட் இருக்கு, மூணாவது மாடி. இருபத்திநாலு தடவ எந்திரிக்கிறவளுக்கு இதெல்லாம் ஒரு தூரமா?

அக்கா: வர முடியாதுடா.

தம்பி: முடியாதா?

அக்கா: முட்டி வலிக்குது.

தம்பி: இப்பதானே இருபது போட்டே?

அக்கா: மழ வர்ற மாதிரி வேற இருக்கு.

தம்பி: ஜன்னல் என் பக்கத்துலதான் இருக்கு. வெயில் கொளுத்துது.

மகள்: மாமா, அம்மாவ வற்புறுத்தாதீங்க.

தம்பி: நீ சும்மா இரும்மா. அக்கா… அம்மா கடைசி மூச்சு விட்டப்ப நான் டூட்டியில இருந்தேன். பஸ்ஸ பாதி வழியில விட்டுட்டு வர முடியல. தகவல் சொன்னதே நீதான். அதை இன்னும் மனசுல வெச்சிருக்கியா?

அக்கா: பைத்தியக்காரா. என்னைக்கோ நடந்தத இப்ப ஏன் இழுக்கறே?

தம்பி: பின்ன என்ன? கூடப் பொறந்தவ ஒருத்திதான் இருக்கே. நாளைக்கு நான் திரும்பி வருவேனோ மாட்டேனோ. ஆட்டோ ஏறி வர மனசில்லையே உனக்கு.

அக்கா: மனசெல்லாம் அங்கதான்டா இருக்கு.

தம்பி: மனச வெச்சு நான் என்ன பண்றது? ஆளுல்ல வேணும்?

மகள்: மாமா… ப்ளீஸ் மாமா…

தம்பி: நீ எதுக்கு இப்ப அழற? உங்கம்மா வரமாட்டேங்கறா, நான்தானே அழணும்?

அக்கா: அவள ஒண்ணும் சொல்லாதே. ரெண்டு பேரு ரகசியத்தையும் அவ ஒருத்தியே தூக்கிக்கிட்டு மேலயும் கீழயும் அலையறா.

தம்பி: ரெண்டு பேரா? என்னுது சரி. உனக்கென்ன ரகசியம்?

மகள்: அம்மா, வேணாம்மா. நாளைக்கு ஆபரேஷன் முடியட்டும்…

அக்கா: இல்லம்மா. இவ்வளவு பக்கத்துல இருந்துக்கிட்டு, வர மனசில்லாதவன்னு பேர் வாங்கிட்டு என்னால இருக்க முடியாது. தம்பி, உன்னுது மூணாவது மாடிதானே?

தம்பி: ஆமா. ஏன்?

அக்கா: நான் இதே ஆஸ்பத்திரியில நாலாவது மாடியில, பொம்பளைங்க வார்டுல இருக்கேன். கால்ல வெயிட்ட கட்டித் தொங்க விட்டிருக்காங்க, அசைய முடியல. புதன்கிழமை சொன்ன இருபத்திமூணு, நேத்து சொன்ன இருபத்திநாலு, இப்ப சொன்ன இருபது, எல்லாம் படுத்துக்கிட்டே சொன்னதுதான். ஆனா செவ்வாய்க்கிழமை சாயங்காலம், உன்னைத் தாண்டிடணும்னு வீட்டுல யாரும் இல்லாதப்ப நாற்காலிய நடு ரூமுல போட்டேன் பாரு… அன்னைக்கு இருபத்தொண்ணு வரைக்கும் நெஜமாவே எந்திரிச்சேன்டா.